டம்ளரில் ஐஸ் உருகினால் தண்ணீர் ஏறாது. அப்புறம் எதற்கு வடதுருவத்தில் ஒரு வருடம்?

3 மே 2024

இழையைத் தொடங்கியவர் கேட்டது அப்படியே:

"ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டி போடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் முழுக்க உருகினாலும் ஒரு சொட்டு வழியாது. பள்ளிக்கூடப் பாடம். வடதுருவத்தில் இருப்பதும் கடலில் மிதக்கிற ஐஸ்தான். அது உருகினால் கடல் எப்படி ஏறும்? இதைப் பார்க்க இருபது நாடு சேர்ந்து, கோடிகளைக் கொட்டி, ஒரு கப்பலைப் பனியில் உறையவிட்டு ஒரு வருடம் உட்கார்ந்திருந்தார்களாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டாமல்."

3 மே, இரவு 9.50

டம்ளர் கணக்கு சரி. மிதக்கிற ஐஸ் உருகினால் கடல் ஏறாது. தரைமேல் உட்கார்ந்திருக்கிற ஐஸ் கடலுக்கு வந்தால்தான் ஏறும். கிரீன்லாந்தில் இருப்பது மொத்தமும் வந்தால் 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அண்டார்டிகாவில் இருப்பது மொத்தமும் வந்தால் சுமார் 58 மீட்டர். நாளைக்கே வந்துவிடாது. ஆனால் உங்கள் டம்ளரில் இந்த இரண்டும் இல்லை. அவை டம்ளருக்கு மேலே அலமாரியில் இருக்கிற ஐஸ்.

அந்தக் கப்பல் போனது கடல்மட்டம் அளக்க இல்லை. மீதி நாளைக்கு.

3 மே, இரவு 11.15

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விஞ்ஞானி இல்லை. கடலுக்குள் இறக்குகிற கருவிகளைப் பூட்டுவது, கழற்றுவது, கிரீஸ் தடவுவது, பேட்டரி மாற்றுவது. வங்காள விரிகுடா மிதவைகளோடு பல வருடம். 2016, 2017 இரண்டு கோடை ஒரு வெளிநாட்டுக் குழுவோடு, நார்வேக்கு வடக்கே இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போனேன். அந்தக் கப்பலில் கால் வைத்ததில்லை. அதில் போன கருவிகளின் சித்தப்பா பிள்ளைகள் மாதிரியான சிலவற்றை நான் திருகியிருக்கிறேன், அவ்வளவுதான் உறவு.

4 மே, மாலை

கப்பல் கதை. போலார்ஸ்டெர்ன், ஜெர்மன் கப்பல், 1982இல் கட்டியது. திட்டத்தின் பெயர் மொசைக். 2019 செப்டம்பர் 20 அன்று நார்வேயின் ட்ரொம்சோவிலிருந்து கிளம்பியது. அக்டோபர் 4 அன்று சைபீரியாவுக்கு வடக்கே ஒரு பனித்தட்டைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நங்கூரமிட்டு, எஞ்சினை அடக்கிவிட்டார்கள். கடல் உறைந்து கப்பலைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் பனி போன வழியே கப்பலும் போனது. 20 நாடுகள், மாறி மாறி 400 பேருக்கு மேல், செலவு சுமார் 140 மில்லியன் யூரோ, நம் பணத்தில் ஆயிரம் கோடிக்கு மேல்.

இந்த யோசனை புதிதில்லை. இதன் மூலம் ஒரு பேண்ட். நிஜமாகத்தான். ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு மேலே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து அந்தக் கப்பலின் சாமான்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் பனியோடு ஒதுங்கின. அதில் ஒரு மாலுமியின் எண்ணெய்த்துணிக் கால்சட்டையும் உண்டு. பேண்ட் இவ்வளவு தூரம் வந்தால் கப்பலும் வருமே என்று நார்வேக்காரர் நான்சென் கணக்குப் போட்டார். ஃப்ராம் என்ற கப்பலை நசுங்காதபடி உருண்டையான அடிப்பகுதியோடு கட்டி, 1893இல் வேண்டுமென்றே உறையவிட்டார். 1896இல் அது மறுபக்கம் வெளியே வந்தது. ஏறத்தாழ மூன்று வருடம்.

மொசைக்கின் பனித்தட்டு அதே மாதிரிப் பாதையில் 300 நாளில் வந்துவிட்டது. 2020 ஜூலை 31இல், கிரீன்லாந்துக்குக் கிழக்கே, கடல் அலை தட்டித் துண்டு துண்டாக உடைந்தது. தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றில்லை, ஆகவே 300ஐ மூன்று வருடத்தோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் பழைய தடித்த பனி குறைந்து மெல்லிய பனி கூடியிருக்கிறது. மெல்லிய பனியைக் காற்று வேகமாகத் தள்ளும்.

சரி, ஏன் ஒரு வருடம்? ஆர்க்டிக் பற்றி நம்மிடம் இருந்த நேரடி அளவுகளில் பெரும்பகுதி கோடைக்காலத்தவை. கோடையில்தானே கப்பல் உள்ளே போக முடியும். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அவர் வேலைக்கே போவதில்லை என்று எழுதுவது மாதிரி. குளிர்காலத்தில், மாதக்கணக்கான இருட்டில், மைனஸ் 40 டிகிரியில், கடலுக்கும் காற்றுக்கும் நடுவே வெப்பம் எப்படிப் போய் வருகிறது என்பதை ஆள் இருந்து அளந்தவர்கள் மிகச் சிலர். 1979இலிருந்து உலக சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிற இடம் அது.

4 மே, சற்றுப் பிறகு

ஒன்று விட்டுப்போனது. ஐஸ்மேல் பெய்து கிடக்கிற பனி ஒரு கம்பளி. கீழே கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி, மேலே காற்று மைனஸ் 30. அந்தக் குளிர் கீழே போனால்தான் ஐஸ் தடிக்கும். ஐஸ்மேல் புதுப்பனி தூவி மெத்தை மாதிரி கிடந்தால் குளிர் இறங்காது, ஐஸ் மெல்லிசாகவே இருக்கும். நிறைய பனி பெய்தால் நிறைய ஐஸ் என்றுதான் நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பனித்தட்டில் குச்சி நட்டு, வாராவாரம் போய் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியவர்களால்தான் இந்த மாதிரிக் கணக்குகள் திருந்துகின்றன. அந்தக் குச்சி அளவைச் செயற்கைக்கோள் இன்னும் சரியாகக் கொடுப்பதில்லை.

5 மே, காலை

முதல் குறிப்பைத் திருத்துகிறேன். "மிதக்கிற ஐஸ் உருகினால் கடல் ஏறாது" என்று அடித்துச் சொன்னேன். தப்பு. கொஞ்சம் ஏறும்.

டம்ளரில் இருப்பது நல்ல தண்ணீர், ஐஸும் நல்ல தண்ணீர். கடலில் இருப்பது உப்புத் தண்ணீர். கடல் உறையும்போது உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். ஆகவே ஐஸ் ஏறத்தாழ நல்ல தண்ணீர். 100 கிராம் ஐஸ் கடலில் மிதக்கும்போது சுமார் 97.5 மில்லி இடத்தைப் பிடிக்கும். உருகினால் 100 மில்லி. இரண்டரை மில்லி அதிகம். உலகத்தில் மிதக்கிற ஐஸ் அத்தனையும் உருகினால் சுமார் 4 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சின்னதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை.

5 மே, மதியம்

நம்பாதவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். கல் உப்பை முட்டை மிதக்கிற பதத்துக்குக் கரையுங்கள். ஊறுகாய் போடுகிற வீட்டில் இந்தப் பதம் தெரியும். ஐஸ் கட்டியைப் போட்டு விளிம்பு வரை ஊற்றுங்கள். நிச்சயம் வழியும், ஏனென்றால் இது கடலைவிடச் சுமார் மூன்று மடங்கு உப்பு.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். கண்ணாடி.

6 மே, இரவு

நானே செய்து பார்த்தேன். மகள் சொன்னபடி ஐஸில் பீட்ரூட் சாறு கலந்து உறையவைத்தோம். வழிந்தது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. பக்கத்தில் வெறும் தண்ணீர் டம்ளரிலும் ஒரு கட்டி போட்டோம். அதில் சிவப்பு நூல் நூலாகக் கீழே இறங்கி, கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. உப்புத் தண்ணீரில் இறங்கவே இல்லை. மேலே ஒரு விரல் கனத்துக்குச் சிவப்பு, அதற்குக் கீழே கண்ணாடி மாதிரித் தெளிவு. அரை மணி நேரம் கழித்தும் அப்படியே. ஐஸ் உருகுவதும் மெதுவாகிவிட்டது, தன் குளிர்ந்த நீரிலேயே உட்கார்ந்திருந்ததால்.

மொசைக்காரர்கள் 2020 கோடையில் பனி வெடிப்புகளில் பார்த்தது இந்தச் சிவப்பு அடுக்கைத்தான், சிவப்பு இல்லாமல். உருகிய நல்ல தண்ணீர் கடல்மேல் ஒரு மூடி மாதிரிப் படுத்துக்கொள்கிறது. காற்றில் இருக்கிற வாயு கீழே போகவும், கீழே இருக்கிற சத்து மேலே வரவும் அது தடை. வெளிச்சம் மேலே, சாப்பாடு கீழே. நுண்பாசிக்கு இரண்டும் வேண்டும். பாசி இல்லையென்றால் அதைத் தின்னும் பூச்சி மாதிரியான கோப்பிபாட் இல்லை, அது இல்லையென்றால் துருவ காட் மீன் இல்லை, அது இல்லையென்றால் சீல் இல்லை. கரடிக்கு வந்து சேர்வது இந்த வரிசையில் கடைசியில்தான்.

நான் இருபது வருடம் உப்பு அளக்கிற கருவியைப் பூட்டியிருக்கிறேன். அது அளந்த அடுக்கைக் கண்ணால் பார்த்தது பீட்ரூட்டில்தான்.

7 மே

இருட்டில் பாசி வளருமா என்று கேட்டவருக்கு: ஏறத்தாழ வளரும். துருவ இரவு முடிந்த சில நாளில், மார்ச் கடைசியில், பனியும் ஐஸும் மூடிய கடலுக்கு அடியில், நல்ல வெயில் நாளின் வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்கு மட்டும் இருக்கும்போதே பாசி வேலையைத் தொடங்கிவிட்டதை மொசைக்கில் பார்த்தார்கள். அங்கே போய் ஆள் இருந்திராவிட்டால் இது தெரிந்திருக்காது.

7 மே, இரவு

உடனே ஒரு மறுயோசனை. ஆள் இருந்தால் விளக்கும் இருக்குமே? ஆமாம், அது பெரிய தொல்லை. துருவ இரவில் சாதாரணக் கப்பல் விளக்கே 200 மீட்டர் ஆழம் வரை மீனையும் கோப்பிபாட் மாதிரியான சிற்றுயிர்களையும் நகரவைத்துவிடுகிறது என்று 2020இல் நார்வே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது விளக்குப் போட்டு எடுத்த எத்தனையோ பழைய கணக்குகளில், விளக்கைக் கண்டு ஓடிய மீன் சேரவில்லை. இரவில் சமையலறைக்குள் போய் சுவிட்சைத் தட்டி, இங்கே கரப்பான் இல்லை என்று சொல்வது மாதிரி.

கப்பல் எரித்த டீசலையும் இன்னொருவர் கேட்டிருக்கிறார். எரித்தார்கள். நியாயமான கேள்வி. அவ்வளவு எரித்ததற்கு அந்த எண்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. திறந்துதான் வைத்திருக்கிறார்கள்.

8 மே

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "கப்பல் சரி. ஸ்வால்பார்டில் ஒரே ஊரில் பத்து நாடு உட்கார்ந்து ஒரே தண்ணீரை அளக்கிறதே, அது வீண் இல்லையா?"

ஊர் நி-ஓலெசுன்ட். 79 டிகிரி வடக்கு. முன்பு நிலக்கரிச் சுரங்கம், 1962இல் வெடித்து 21 பேர் இறந்தார்கள், அதோடு சுரங்கம் மூடியது. சுரங்கத்தார் வீடுகளில் இப்போது ஆய்வு நிலையங்கள். ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்து ஒன்று, பிரிட்டன், ஜப்பான், இத்தாலி, கொரியா, நெதர்லாந்து. சீனாவின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். 2008இலிருந்து நம் ஹிமாத்ரி. கதவு பூட்டும் வழக்கம் இல்லை, கரடி வந்தால் யார் வேண்டுமானாலும் எந்த வீட்டுக்குள்ளும் ஓட வேண்டும். போனில் வைஃபை, ப்ளூடூத் எல்லாம் அணைக்க வேண்டும், ரேடியோ தொலைநோக்கிக்கு இடைஞ்சல் என்று. கரடிக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். நான் இருந்த இரண்டு கோடையிலும் கரடி வரவில்லை. தலையில் கொத்தியது ஆலா என்ற கடற்பறவை. கூட்டுப் பக்கம் போனால் நேராக மண்டைக்கு வரும். ஒரு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தால் குச்சியைக் கொத்தும். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் குச்சியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகச் சாப்பிடப் போவதைப் பார்க்க வேண்டும்.

பதில் எழுத உட்கார்ந்து ஊர்க்கதையாகிவிட்டது. நாளைக்கு.

9 மே

வீணா என்று கேட்டதற்கு என் தலைமுடி பதில் சொல்லும்.

2016இல் அந்த ஊர் ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த இடுக்கில், காங்ஸ்ஃபியோர்டனில், ஒரு மூரிங் போட்டோம். அடியில் இரும்பு எடை, அதற்கு மேல் ஒலி கேட்டுத் திறக்கிற கொக்கி, கயிறு, கயிற்றில் நடுநடுவே கருவிகள், உச்சியில் மிதவை. எல்லாம் தண்ணீருக்கு அடியில். ஒரு வருடம் விட்டுவிட்டு வந்து, படகிலிருந்து குறிப்பிட்ட ஒலியை அனுப்பினால் கொக்கி விடும், எடை அடியிலேயே தங்கிவிடும், மற்றது மேலே வரும். ஒலி அனுப்பிய பிறகு ஒரு சில நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பும். 2017இல் எழும்பியது. கை தட்டினோம்.

வெப்பமானியைக் கையில் எடுத்துச் சாய்த்தேன். களக் என்றது. உள்ளே தண்ணீர்.

திறந்தேன். மூடியில் ஓ-ரிங் உண்டு, ரப்பர் வளையம், கிரீஸ் தடவி, தூசி இல்லாமல் துடைத்து, பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். என் வேலை அது. அந்த வளையத்தின் குறுக்கே ஒரு முடி. மூன்று விரற்கடை நீளம், கறுப்பு. குழுவில் கறுத்த முடி என் தலையில் மட்டும்தான் இருந்தது. விசாரணையே தேவைப்படவில்லை. ஒரு வருட வெப்ப அளவு, ஒரு முடியால் போனது. குழுத்தலைவி ஒன்றும் சொல்லவில்லை, காபி போட்டுக்கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் இன்னொரு நாட்டுக்காரர், அதே ஃபியோர்டில் அவர்களுடைய மூரிங்கும் இருக்கிறது என்று சொல்லி, மறுநாள் காலை அந்த வருடத்து வெப்பக் கோப்பை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஆழம் வேறு, அவர்கள் ஆழம் வேறு. ஆனாலும் ஓட்டை அடைந்தது. அடுத்த வருடம் அவர்களுக்கு வேறு ஏதோ போனபோது எங்களிடமிருந்து போனதாகக் கேள்வி.

அந்தத் தொடர்ச்சியில் ஓட்டை விழுந்தால் என்ன நஷ்டம் என்றால்: ஸ்காட்லாந்து, நார்வே ஆட்கள் 2002 முதலே அந்த ஃபியோர்டில் மூரிங் போட்டு வருகிறார்கள். 2006 குளிர்காலத்தில் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் உள்ளே புகுந்தது. அதன் பிறகு முன்போல ஃபியோர்டு உறைவதில்லை. புகுந்த வருடம் எது என்று சொல்ல, புகாத வருடங்களின் எண்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்றுமே நடக்காத வருடங்களுக்கும் யாராவது சம்பளம் வாங்கிக்கொண்டு அளந்திருக்க வேண்டும்.

9 மே, பின்குறிப்பு

நம் மூரிங்கும் அங்கே உண்டு. இண்டார்க். 2014 ஜூலை 23இல், 192 மீட்டர் ஆழத்தில், நார்வேயின் ஆய்வுக் கப்பலிலிருந்து இறக்கினார்கள். வடிவமைத்தது பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், கோவாவில் இருக்கிற துருவ ஆய்வு மையத்தோடு சேர்ந்து. அந்தக் குழுவில் நான் இல்லை, பெருமையில் மட்டும் பங்கு கேட்கிறேன். நம் பருவமழைக்கும் ஆர்க்டிக்குக்கும் தொடர்பு தேடுவது அதன் நோக்கங்களில் ஒன்று. நாளிதழில் "தொடர்பு கண்டுபிடிப்பு" என்று வந்தால் நான் கொஞ்சம் தள்ளி நின்றே படிப்பேன். தேடட்டும், இன்னும் நிறைய வருடம் வேண்டும்.

11 மே

எல்லாம் கூட்டுறவு, எல்லோரும் நல்லவர்கள் என்று நான் எழுதுவதாக ஒருவர் கிண்டல். சரி, மறுபக்கமும் போடுகிறேன். மொசைக் நடந்ததே ரஷ்யக் கப்பல்களால். கூடவே போய்ச் சுற்றுவட்டாரத்தில் கருவி நட உதவியது அகாடெமிக் ஃபெடோரோவ். குளிர்காலத்தில் ஆளும் உணவும் கொண்டுபோனது பனியுடைப்பான் கபிதான் ட்ரானிட்சின். இரண்டாம் முறை பனி இறுகி, மெதுவாகி, எரிபொருள் குறைந்து, திரும்பும்போது அதற்கு எண்ணெய் கொடுக்க இன்னொரு பனியுடைப்பான் போக வேண்டியிருந்தது. அப்புறம் கொரோனா. ஆள் மாற்ற வழியில்லாமல், 2020 மே மாதம் போலார்ஸ்டெர்ன் தன் பனித்தட்டை விட்டுவிட்டு ஸ்வால்பார்ட் வரை வந்து, இரண்டு ஜெர்மன் கப்பல்களிடம் ஆள் மாற்றிக்கொண்டு திரும்பிப் போனது. அந்த வாரங்களில் பனித்தட்டில் ஆள் இல்லை. தானாக ஓடுகிற கருவிகள் சில மட்டும். அதுவும் உருகல் தொடங்குகிற நேரத்தில்.

2022இல் உக்ரைன் போர். மார்ச்சில், ஆர்க்டிக்கைச் சுற்றியுள்ள எட்டு நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவோடு சேர்ந்த வேலையை நிறுத்தின. ஆர்க்டிக் கரையில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவுடையது. நிரந்தர உறைமண்ணில் பெரும்பங்கும் அங்கேதான். மேற்கிலிருந்து போனவர்கள் இப்போது அங்கே போக முடியாது. இன்று மொசைக்கை அதே மாதிரி நடத்த முடியாது. போரில் யார் சரி என்ற பேச்சுக்கு நான் வரவில்லை, அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே சண்டை போடுங்கள்.

11 மே, இரவு

ஒரு நல்ல செய்தியும். மொசைக்கில் நடு ஆர்க்டிக்கின் ஆழத்தில் கேமராவில் அட்லாண்டிக் காட் மீன் தெரிந்தது, சில தூண்டிலிலும் சிக்கின. இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. அங்கே பனி விலகினால் விசைப்படகு போகும் என்று முன்கூட்டியே பயந்து, 2018இல் ரஷ்யா, அமெரிக்கா, சீனா, ஐரோப்பிய ஒன்றியம் உட்பட பத்துத் தரப்புகள் நடு ஆர்க்டிக்கில் வணிக மீன்பிடிப்பு வேண்டாம் என்று கையெழுத்திட்டன. 2021இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 16 வருடம். நம் கிழக்குக் கரையில் 61 நாள் தடைக்காலம், அதுவும் மீன் குறைந்த பிறகு. அங்கே யாரும் வலை போடும் முன்னாலேயே தடை. இது மட்டும் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

14 மே

தலைமுடிக் கதையில் ஒரு திருத்தம். மூன்று விரற்கடை என்று எழுதினேன். பழைய நோட்டைத் தேடிப் பார்த்தேன், 31 மில்லிமீட்டர் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மூன்று விரற்கடை என்றால் ஐந்து சென்டிமீட்டர் ஆகிவிடும். முடி கதையில் வளர்ந்துவிட்டது.

19 மே

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் எழுதியிருந்தார், அவர் அனுமதியோடு இங்கே: உப்புத் தண்ணீர் வைத்துச் செய்து பார்த்தாராம், வழிந்து அடுப்பு மேடை நனைந்ததாம், வீட்டில் திட்டு விழுந்ததாம். "ஒப்புக்கொள்கிறேன், ஏறுகிறது" என்கிறார்.

எவ்வளவு உப்பு போட்டீர்கள் சார்? எத்தனை கிராம் ஐஸ், எத்தனை மில்லி வழிந்தது? எழுதி வைத்தீர்களா?